கலாவதியைக் கொண்டுபோனது யார்?

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதுமே பினாயிலும் எரிந்த மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாசனை முகத்தில் மோதும்...

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரப் புத்தூரில் நான் படித்த கான்வென்ட்டின் வாசனை அது. சாயங்காலம் விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் திரும்பிய பிறகும் யூனிஃபார்மில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா என் காலரை மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவாள்.

"இன்னிக்கும் ஜெபம் பண்ண வெச்சாங்களா? துன்ன ஏதாச்சும் குட்த்தாங்களா?"

என்னை அங்கே சேர்க்கச் சொன்னது நைனா, என் அப்பா. குவைத்தில் டிரைவராகப் போனவர், இங்கிலீஷ் தெரியாமல் அங்கே பட்ட பாட்டில் எடுத்த முடிவு. அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. பெண் பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள், நன்றாகப் படிக்கிறவளைக் கேரளாவுக்குக் கூட்டிப்போய் சிஸ்டராக்கிவிடுவார்கள் என்று ஊரே பேசிய காலம். சேப்பலுக்குப் பின்னால் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு அறையைப் பற்றி எங்களிடமே ஆளுக்கொரு கதை இருந்தது.

சிஸ்டர்களும் எங்களை நம்பியதில்லை. அது வேறு விஷயம்... பை சோதனை, தலையில் பூ சோதனை. யாராவது சிரித்தால்கூட, "வாட் இஸ் தேர்?"

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை, என் பெஞ்சில் உட்காரும் கலாவதி வரவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்காரி. காலையில் அவளுடைய அம்மா முனியம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாளாம். ஆனால் சாயங்காலம் அவள் வீடு திரும்பவில்லை. மறுநாளே ஊர் முழுக்க ஒரே பேச்சு. சிஸ்டருங்க கலாவதியைக் கொண்டுபோய்ட்டாங்க!

அதற்கு முந்தின வாரம்தான் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை, குவைத்தில் அவளுடைய நைனாவோடு வேலை பார்த்தவர். வயது முப்பதுக்கு மேல். லீவு முடிந்து திரும்புவதற்குள் தாலி கட்டிவிட வேண்டுமாம். கலாவதிக்குப் பதினாலு.

அவளுடைய பெரியப்பா ஆட்களைத் திரட்டிக்கொண்டு கான்வென்ட் வாசலுக்குப் போனார். அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். முனியம்மா கூட்டத்தின் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஹெச்எம் சிஸ்டர் கேட்டுக்கு வந்தார். கேரளாக்காரர், ஒல்லியான உருவம். பெரியப்பா தெலுங்கிலும் தமிழிலுமாகக் கத்தினார். "மா அம்மாயி எக்கட? பொண்ண வெளிய வுடு. இல்ல, போலீசுக்குப் போவேன்!"

சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. "போங்கோ. பொண்ணுக்கு என்ன வயசு, எதுக்குத் தேடறீங்கன்னும் அவங்ககிட்ட சொல்லுங்கோ."

பெரியப்பா அதோடு போலீஸ் பேச்சை விட்டுவிட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வேண்டுமென்றே முனியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் ஜன்னலோரம். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் முனிம்மா, அத்தினி பேரு கத்தனாங்க. பெத்தவ நீ அந்த சிஸ்டராண்ட ஒரு வார்த்த கேக்கலியே... பொண்ணு எங்க கீறானு உனுக்குத் தெரியும். தெரியுமில்ல?"

முனியம்மா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உன் கால்ல வேணா வுழறேன். நாந்தான் சிஸ்டருங்களாண்ட இட்டுக்கினு போயி வுட்டேன். சொல்லிடாதக்கா."

அம்மா என் பக்கம் திரும்பி, "இது வெளிய போச்சுனா தோல உரிச்சிடுவேன்" என்றாள்.

அதற்கப்புறம் அம்மா செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். குழாயடியில், பஸ் ஸ்டாண்டில், கடலைக்காய் பிடுங்கும் காட்டில், எங்கே போனாலும் சிஸ்டர்களைத் திட்டினாள். "கேரளாவுக்கே அனுப்பிட்டாங்களோ இன்னாவோ, யாரு கண்டா!" என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். ஊர் சந்தேகம் முழுக்க கான்வென்ட் மேலேயே இருந்தது. முனியம்மாவை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலர் பெண்களை அங்கிருந்து நிறுத்திக்கூட விட்டார்கள்.

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஹெச்எம் சிஸ்டர் அம்மாவிடம் கேட்டார். "உங்க ஊர்ல எங்களைப் பத்தி ரொம்ப மோசமா பேசறாங்களாமே?"

"ஆமா சிஸ்டரம்மா. பேசிக்கினுதான் கீறாங்க. இன்னும் கொஞ்ச நாளு பேசட்டும்."

சிஸ்டர் அம்மாவையே ஒரு நிமிஷம் பார்த்தார். "பேசட்டும்" என்றார்.

அம்மாவுக்கு சிஸ்டர்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்கே... கேட்டைத் தாண்டியதுமே, "அவ பொண்ண மறைக்கத் தெரிஞ்சவங்களுக்கு உன்ன மறைக்க எத்தினி நேரமாவும்? உஷாரா இரு" என்றாள்.

மாப்பிள்ளை வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார். கலாவதி வேறு ஊர் ஹாஸ்டலில் பத்தாவது முடித்துவிட்டுத்தான் வந்தாள். ஊரே அவளுடைய கழுத்தைப் பார்த்தது, சிலுவை தொங்குகிறதா என்று. ஒரு பாசிமணிதான் இருந்தது. பிறகு நர்சிங் படித்தாள். இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள்.

போன வாரம் எங்கள் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி கேட்டாள், "என் பொண்ண நம்ம ஸ்கூல்ல சேக்கலாமா?" வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே... டிசிப்ளின் சூப்பர் என்று ஒருத்தி. ஜெயில் என்று இன்னொருத்தி. "வேணாம்ப்பா, நம்ம கலாவதிய கடத்தினு போனாங்களே, மறந்துட்டியா?" என்று ஒருத்தி.

கலாவதி எழுதினாள்: "கடத்தல. எங்கம்மாதான் கொண்டு போய் வுட்டாங்க. அம்மா போன வருஷம் தவறிட்டாங்க, அதனால இப்ப சொல்லலாம்."



நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். என் மகள் படிக்கும் ஸ்கூலுக்கு இன்டர்நெட்டில் முன்பின் தெரியாத யார் யாரோ ஸ்டார் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். அவளுடைய பஸ் எந்த சிக்னலில் நிற்கிறது என்று மொபைலிலேயே தெரிகிறது. சந்தேகம் மட்டும் அம்மாவைப் போலவே எனக்கும் குறையவில்லை. ஆனால் அவளுடைய பிரின்சிபாலை நான் இதுவரை நேரில் பார்த்ததே இல்லை... வழியில் எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியாது.