சவ்வு வழித்த பிறகுதான் வெள்ளி

டென்மார்க்கில் நான் வசிக்கும் ஆர்ஹுஸ் நகரத்து எதிர்வீட்டு அம்மா கிர்ஸ்டன், காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காலுறையை இறக்கித் தன் கணுக்கால் புண்ணைக் காட்டினார். மரியாதைக்குத்தான் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன். போன வாரத்தைவிட அரை சென்டிமீட்டர் குறைந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் ஊர் திண்டுக்கல்லில் இந்தக் கேள்விக்கு, அல்லா காவல் என்பதுதான் பதில். புண்ணை யாரும் அளப்பதில்லை, காட்டுவதுமில்லை. கிர்ஸ்டனுக்குக் கட்டுப்போட சைக்கிளில் வரும் நர்ஸ் ஒருநாள் எனக்கு விளக்கினார். ஆறாத புண்ணில் கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளுமாம். பயோஃபிலிம் என்றார். அதைத் தாண்டி மருந்து போகாது. முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். அது மறுபடி கட்டிக்கொள்வதற்குள் வெள்ளிச் சேர்மம் ஏற்றிய கட்டைப் போட வேண்டும்.

அந்த வருட விடுமுறைக்கு ஊருக்குப் போய், திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் அத்தா, என் அப்பா, வலது காலைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார். வாடையே காட்டிக்கொடுத்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர். பெருவிரலுக்கடியில் இருந்த புண்ணில், ஷாப்பில் தோலுக்குப் போடும் படிகாரப் பொடியை அப்பி வந்திருக்கிறார். மேலே வெள்ளையாக இறுகியிருந்தது. "கெட்டியாயிருச்சுத்தா. எம்புட்டுத் தோலப் பாத்திருக்கேன்" என்றார். அவர் பார்த்ததெல்லாம் செத்த ஆட்டின் தோல் என்பதை நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

இறுகியதற்கு அடியில் சீழ். எலும்புக்குப் போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இங்கும் அதே வைத்தியம்தான்: சுரண்டிவிட்டு வெள்ளி மருந்து. வெள்ளிக்கு அத்தா சம்மதித்தார். சுரண்டுவதற்கு மாட்டேன் என்றார். "சொரண்டுறேம்பான், வெரலோடதான் வருவான்." தெருவில் ஒருவருக்கு அப்படி ஆகியிருந்தது. டாக்டர் படலத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். அத்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவ்வு வழிக்காத தோல்ல பட்டச்சாறு ஏறுமாத்தா?" என்று கேட்டேன். ஷாப்பில் உட்பக்கத்துச் சவ்வை வழித்த பிறகுதான் தோலைப் பதனிடப் பட்டைச் சாற்றில் ஊறப்போடுவார்கள்.

"எப்பிடி ஏறும்? மேலாகத்தான் நிக்கும். உள்ள அழுகிரும்." சொன்னவர் குனிந்து தன் புண்ணைப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார். "கத்தி மொன்னையா இருந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன், டாக்டரே."

சுரண்டிப் பார்த்ததில் சீழ் எலும்புக்குப் போயிருக்கவில்லை. விரல் தங்கியது.

நான் டென்மார்க் திரும்பிவிட்டேன்; இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அத்தாவின் முகத்துக்கு முன்னால் பாதம் வருகிறது. போன வாரம் கிர்ஸ்டனும் பக்கத்தில் இருந்தார். அவரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். "அந்தம்மாவுக்கு எப்பிடி இருக்காம்?" என்றார் அத்தா. கிர்ஸ்டன் இரண்டு விரலுக்கிடையில் இடைவெளி காட்டி, இன்னும் ஒரு சென்டிமீட்டர்தான் பாக்கி என்றார். அல்லா காவலில் நல்லா இருக்காங்களாம் என்றேன் தமிழில். அத்தாவுக்குத் திருப்தி. "எனக்கும் அல்லா காவல்தான்னு சொல்லுத்தா."

திரையில் தெரிந்த புண்ணைக் கண்ணால் அளந்துகொண்டு, கிர்ஸ்டன் பக்கம் திரும்பினேன். இவருக்கு அரை சென்டிமீட்டர்தான் பாக்கி என்றேன் டேனிஷில்.