அகராதியை அடுக்கிய கதை

ஜெப்ஸி பிறந்த அன்று சாத்தான்குளத்தில் மழை கொட்டியதாக அவள் அம்மா சொல்வாள். அது பொய். இடி மட்டும்தான் இடித்தது, அதுவும் பிள்ளையின் வாயிலிருந்து. ஞானஸ்நானத்தன்று சபைப் போதகர் ஐயரவர்கள் குனிந்து தலையில் தண்ணீர் தெளித்தபோது, இவள் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கித் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். கண்ணாடியில்லாமல் வாசித்ததால்தான் ஜெஸ்ஸி என்ற பேர் ஜெப்ஸி ஆகிப்போனது. சபைப் பதிவேட்டைப் பார்த்தால் இதற்கு ஆதாரம் இருக்காது. ஆனால் ஜெப்ஸியைப் பார்த்தவர்கள் ஆதாரம் கேட்டதில்லை.

வளர்ந்து, கம்ப்யூட்டர் படித்து, தூத்துக்குடி துறைமுகத்தருகே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். மாப்பிள்ளையூரணியில் மாடிவீடு, வாடகைக்கு. பகலில் கன்டெய்னர் கணக்குகளுக்கு நிரல் எழுதுவாள். மற்ற நேரமெல்லாம் எதன்மீதாவது கோபமாக இருப்பாள்.

அந்தக் கோபங்களில் உருப்படியான ஒன்று பைட்டு மேல் வந்தது. கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பைட்டு என்ற சின்னச் சாக்குகளில் கட்டி வைக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு சாக்கு போதும். தமிழில் எழுத்துக்கு மூன்று, அதில் கொம்பும் காலும் புள்ளியும் சேர்ந்தால் அதற்குத் தனியாக இன்னும் மூன்று. மேல்காற்றுக்கு நம் கடற்கரையில் கச்சான் என்று பேர். அந்த ஒரு சொல்லை அனுப்ப இருபத்தொரு சாக்கு.

"தமிழ்ல பேசுனா அபராதமா? எவன் போட்ட சட்டம்?" என்று அவள் ஆபீஸில் கத்தியதில் சுங்க இலாகாக்காரர் ஒருவர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து வெளியே போய்விட்டார்.

அந்த அபராதம் வலித்தது வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு. செல்போன் எட்டாத தூரத்தில் இருக்கும் வள்ளங்களுக்குக் கரையிலிருந்து வானொலியில் குறுஞ்செய்தி அனுப்பும் கறுப்புப் பெட்டிகளை மீனவர் சங்கத்தில் வாங்கி வள்ளத்துக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றின் சரக்கு. ஒரு தடவைக்கு அதில் போகக்கூடியது ஒரு கையளவுதான். தமிழில் இரண்டு சொல்லோடு மூச்சு நின்றுவிடும்.

ஜெப்ஸி சங்கத்துக் கரைநிலையத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே பெட்டிகளுக்குச் செய்தி தட்டுபவள் ரோஸ். வள்ளக்காரர் கஸ்பாரின் மனைவி. கடலுக்கு அனுப்பும் பேச்சை ரோஸ் சொல்லச் சொல்ல, இவள் சொல் சொல்லாக எழுதினாள். அதிகம் புழங்கும் சொல் முதலில்: கடல், காத்து, கரை. அபூர்வமானது கடைசியில். ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இடமே எண். சொல்லை அனுப்ப வேண்டாம், எண்ணை அனுப்பினால் போதும். அதே பட்டியல் வள்ளத்துப் பெட்டியிலும் இருக்கும். அது எண்ணைப் பார்த்துச் சொல்லை எடுத்துக் காட்டிவிடும். எட்டுச் சொல் அனுப்பினாலும் இடம் மிஞ்சும்.

சொற்களைக் காய்ச்சிச் சுருக்குவதால் இந்த நிரல் தொகுப்புக்கு முதலில் கருப்பட்டி என்று பேர் வைத்தாள். அவள் அப்பா பொன்னுதுரை, ஓய்வுபெற்ற வாத்தியார், "கருப்பட்டியக் கரைச்சா மறுபடி பதநீ வருமாட்டி?" என்று கேட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு சுருக்குப்பை என்று மாற்றினாள். போட்டது போட்டபடி திரும்ப வரும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று மூலநிரலோடு இணையத்தில் வைத்தாள். சொற்பட்டியல் இருந்த கோப்புக்கு அகராதி என்று பேரிட்டாள். அதன் தலைப்பில், இது குறிப்பு, சொல் அல்ல என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும் ஓர் அடையாளக்குறியைப் போட்டு, ‘வரிசையை மாற்றாதீர்கள்’ என்று எழுதினாள். சென்னைக் கம்பெனி அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது. நன்றி என்று ஒரு வரி வரவில்லை. அதற்கும் கோபப்பட்டாள், ஆனால் வள்ளங்களில் தமிழ் ஓடியதில் உள்ளுக்குள் பூரிப்பு.

ஆனி மாதம் கம்பெனி ஆள் ஒருவன் வந்து கரைநிலையக் கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு போட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலையிலிருந்து வள்ளங்களில் கூத்து. ஒருத்தருக்கு ‘ஐஸ் கல்யாணம் வடக்கு பீடி’ என்று வந்ததாம். இன்னொருத்தருக்கு ‘மாதா எஞ்சின் சாப்பிடு’. பெட்டியில் திருப்பிக் கேட்க வழியில்லை. ரோஸ் காலையிலேயே யாரோடு சண்டை போட்டாளோ என்று கடலுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் ரோஸ் தட்டியது: ‘கச்சான் கூடுது. கரைக்கு வா.’

கஸ்பாரின் பெட்டியில் வந்தது: ‘நெத்திலி இருக்கு. அங்கன நில்லு.’

நானே இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக வராது. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். கஸ்பாருக்குப் பெண்டாட்டி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. நின்றார். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர். தேடிப்போன வள்ளம் அவரை இழுத்துக் கட்டும்போது இரண்டு வள்ளத்துக்கும் நடுவே அகப்பட்டு இடது கை முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது.

சங்கத்துக் கூடத்தில் கூட்டம். தலைவர் செந்தூர்வேல் அண்ணாச்சி நடுவில். கஸ்பார் கட்டுப்போட்ட கையோடு சுவரோரம். பக்கத்தில் ரோஸ், ஜெப்ஸியின் முகத்தைப் பார்க்காமல். கம்பெனியிலிருந்து மேலாளர் ஷாம் வந்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் லேப்டாப்.

"எங்க ஹார்ட்வேர்ல ஒரு ப்ராப்ளமும் இல்ல சார்," என்றான் ஷாம். "உள்ள இருக்குற சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். யாரோ ஃப்ரீயா எழுதிப் போட்டது. இவங்கதான். இவங்களே என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கிறேன் பாருங்க. ‘இந்த மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. இதனால் விளையும் எதற்கும் எழுதியவர் பொறுப்பல்லர்.’ பொறுப்பில்லன்னு அவங்களே சொல்றாங்க. இதத் தூக்கிட்டு எங்க சொந்த சாஃப்ட்வேரப் போட்டுடலாம்."

கூடம் முழுக்க ஜெப்ஸியைத் திரும்பிப் பார்த்தது. அந்த வாசகம் இலவச நிரல்கள் எல்லாவற்றிலும் இருப்பது. அதைத் தமிழில் சொன்னால் நம்மாட்களுக்குப் புரியுமே என்று மெனக்கெட்டு மொழிபெயர்த்தவள் அவள். இந்தத் தலைமுடி நரைத்த வயது வரைக்கும் நான் எத்தனையோ கயவாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி ஆசையாக எழுதிய வரியை எடுத்து அவள் கழுத்திலேயே சுருக்காகப் போட்டவனை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"ஏளா ஜெப்ஸி, நீ இப்படியா எழுதி வச்சிருக்க?" என்றாள் ரோஸ்.

ஜெப்ஸி கத்தாமல் இருந்தால் பயப்பட வேண்டும். எழுந்து போய்க் கூடத்து மூலையிலிருந்த கரைநிலையக் கம்ப்யூட்டரின் முன் நின்றாள். "அண்ணாச்சி, கஸ்பார் அண்ணன் பெட்டிய மேசை மேல வைங்க. ரோஸக்கா, ‘அங்கன’ன்னு அடிங்க."

ரோஸ் அடித்தாள். பெட்டி ‘கடல்’ என்றது.

"அணியம்." பெட்டி ‘காத்து’ என்றது.

"அமாவாசை."

‘கரை.’

"அங்கன, அணியம், அமாவாசை," என்றாள் ஜெப்ஸி. "எல்லாம் அ. யாரு சார் என் பட்டியல அகர வரிசையில அடுக்குனது?"

ஷாமுக்கு முகம் மலர்ந்தது. பாராட்டு என்றே நினைத்துவிட்டான். "எங்க லாங்வேஜ் எக்ஸ்பர்ட் மேடம். ஃபைல் பேரே அகராதி, ஆனா உள்ள தாறுமாறா கெடக்குதேன்னு ரொம்ப வருத்தப்பட்டார். அகராதின்னா அகரத்துல ஆரம்பிக்கணும்ல? நாலு நாள் உக்காந்து ஒழுங்கு பண்ணார்."

"கரையில மட்டும் ஒழுங்கு பண்ணுனீங்க. வள்ளத்துல பழைய வரிசை. இங்கேருந்து போற நம்பருக்கு அங்க வேற சொல்லு."

"பாக்ஸ்களுக்கும் அடுத்த விசிட்ல போடறதா பிளான்."

"வரிசையை மாற்றாதீர்கள்னு முதல் வரியில எழுதியிருந்தேனே. அது எங்க?"

ஷாம் லேப்டாப்பில் தேடினான். மேலே இல்லை. கீழே, இன்னும் கீழே. நிபுணர் அந்த அடையாளக்குறியைத் தமிழில் இல்லாத குறி என்று நீக்கியிருந்தார். பிறகு அந்த வாக்கியத்தையும் அதற்குரிய இடத்தில் சேர்த்திருந்தார். ‘வயித்துவலி’க்கும் ‘வலை’க்கும் நடுவே, துளி பிசகில்லாமல், ‘வரிசையை மாற்றாதீர்கள்’.

கூடத்தில் ஒருத்தர் சிரித்தார். ஜெப்ஸி சிரித்தவரைப் பார்த்தாள். அவர் இருமுவதுபோல் முடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் பேசியதை இங்கே எழுதினால் அச்சகத்தில் எழுத்துக் கோக்க மறுத்துவிடுவார்கள். ஒரு ஆள் உயிரோடு விளையாடிவிட்டு, படிக்க வேண்டிய வரியை விட்டுவிட்டு, உனக்குத் தோதான வரியைத் தூக்கிக்கொண்டு வந்தாயே என்பது அதன் சாரம். ஷாம் லேப்டாப்பை மூடினான்.

"சரி மேடம், டென்ஷன் வேண்டாம். நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்க. ஓப்பன் சோர்ஸ்தானே."

செந்தூர்வேல் அண்ணாச்சி, "தம்பி, நீரு மொதல்ல கெளம்பும்," என்றார். "கரையில நீரு போட்டத எடுத்துருதோம். பொட்டிய வைக்கவா வேண்டாமான்னு நாங்க பேசிக்கிடுதோம்."

அவன் போனதும், ஜெயித்துவிட்டோம் என்றுதான் ஜெப்ஸி நினைத்தாள். ரோஸ் எழுந்தாள்.

"அவன் கூறுகெட்டவன். சரி. நான் உன்னையக் கேக்கேன். இவரு வீட்டுல நான் சொல்லுதது வெளங்கலன்னா ‘ஆங்?’னு கேப்பாரு. ஆடு மாடு கூட வெளங்கலன்னா முழிக்கும். உன் பொட்டி வெளங்காம எதுக்குளா பேசுச்சு? என் வாயாலயே இவர அங்கன நில்லுன்னு சொல்ல வச்சுட்டியே."

"விடுளா," என்றார் கஸ்பார்.

"நீரு சும்ம இரும். இதுக்குப் பதில் இல்லன்னா இந்தப் பொட்டி நம்ம வள்ளத்துல ஏறாது. ஒருத்தரு வள்ளத்துலயும் ஏற விடமாட்டேன்."

ஜெப்ஸிக்குப் பதில் தெரியும். செய்தியின் தலையில் அகராதியின் கைநாட்டாக, சொல் வரிசையிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணை வைத்திருக்கலாம். வரிசையில் ஒரு சொல் இடம் மாறினாலும் கைநாட்டு மாறிவிடும். பெட்டி தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் வாயைத் திறக்காது. எழுதும்போதே தெரியும். அதற்கு இரண்டு பைட்டு ஆகும். தமிழுக்கு மூன்று மடங்கு அபராதம் போட்டவர்கள் மேலிருந்த ஆத்திரத்தில், ஒரு பைட்டுகூடக் கூடுதலாகத் தரமாட்டேன் என்று அதை விட்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனவளின் கோபத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஷாம் மேல் பட்ட கோபம் சுகமாக இருந்தது. இது அப்படி இல்லை. மாவுக்குண்டானை அடுப்பில் வைத்துவிட்டுச் சோற்றுப்பானையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். ஆபீஸுக்கு லீவு சொல்லாமல் லீவு போட்டாள். அந்த இரண்டு பைட்டை எழுதி, எல்லாப் பெட்டியிலும் தன் கையாலேயே ஒயரை மாட்டி ஏற்றினாள். கைநாட்டு ஒத்துப்போகாவிட்டால் பெட்டி ‘ஆங்?’ என்று மட்டும் காட்டும்.

இணையத்தில் அதை வைத்ததும் கம்பெனி படிக்காமலே எடுத்து மற்ற ஊர்ப் பெட்டிகளிலும் போட்டுவிட்டது, ஷாமிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மற்ற ஊர் வாடிக்கையாளர் திரைகளில் காலையிலிருந்து ‘ஆங்?’ என்றே வருகிறதாம். மரியாதைக் குறைவாக இருப்பதால் ‘தகவல் பொருந்தவில்லை’ என்று மாற்றித் தரும்படி கேட்டிருந்தான். அகராதியைப் பழைய வரிசையில் வைக்கும்வரை அது அப்படித்தான் கேட்கும் என்று ஜெப்ஸி பதில் எழுதினாள். கீழே ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டு, அதை அடித்துவிட்டு அனுப்பினாள்.

ரோஸ் வெறும் வாய்ச்சொல்லை நம்பவில்லை, செய்து காட்டச் சொன்னாள். கரைநிலையத்துப் பட்டியலில் ஜெப்ஸி இரண்டு சொல்லை இடம் மாற்றி வைத்தாள். ரோஸ் ‘கரைக்கு வா’ என்று தட்டினாள். கடற்கரையில் கட்டிக்கிடந்த வள்ளத்தில் கஸ்பார் ஒற்றைக் கையில் பெட்டியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்: "ஆங்?"

மறுபடி தட்டினாள்.

"ஆங்?"

"திட்டிப் பாக்கட்டா?" என்று ரோஸ் வேறு ஏதோ தட்டினாள். அகராதியில் இல்லாத வார்த்தைகள், எழுத்தெழுத்தாகப் போயிருக்கும்.

"ஆங்?" என்றார் கஸ்பார்.

ஜெப்ஸி சொற்களைப் பழைய இடத்தில் வைத்தாள். ரோஸ் தட்டினாள். வள்ளத்திலிருந்து வந்த குரல், "‘கரைக்கு வா’ன்னு வருது. நான் கரையிலதானளா இருக்கேன்," என்றது.

"அப்பம் பொட்டிய வள்ளத்துல மாட்டும்," என்று கத்திவிட்டு, ரோஸ் திரும்பி ஜெப்ஸியைப் பார்த்தாள். "நான் இன்னும் உன்னோட பேசல கேட்டியா," என்றாள்.