டில்லிக்குப் போன நகரசேவகரைத் தேடி மகர்பட்டா வரை

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6:50. புனேக்குப் பக்கத்தில் ஆகுர்டி ரயில் நிலையம். மூடிய வானம், விட்டுவிட்டுச் சாரல்.

என் மகள் குடியிருக்கும் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. நாலா என்கிறார்கள். அதன் தடுப்புச் சுவர் பதினோரு அடி நீளத்துக்கு இடிந்து கிடக்கிறது. நாடா பிடித்து அளந்தேன். சுவர் இருந்தபோதே சென்ற ஆண்டு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மகளுக்குப் பள்ளி வேலை, விடுப்புக் கிடைக்காது. கும்பகோணத்திலிருந்து வந்து சும்மா உட்கார்ந்திருந்த நான் மனுவோடு கிளம்பினேன்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். சுவரைக் கட்டித் தருவதாகச் சொன்னவர் அந்த வார்டின் நகரசேவகர், அதாவது கவுன்சிலர். எல்லோருக்கும் அவர் ‘பாவூ’. நம் ஊரில் அண்ணன் என்பது போல. பாவூ நாடாளுமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டார். ஜெயித்த கையோடு புனேயின் மறுகோடியில் மகர்பட்டா பக்கம் அலுவலகமும் திறந்துவிட்டார். ஏன் அவ்வளவு தூரத்தில் என்று நான்கு பேரைக் கேட்டேன். நான்கு பதில் கிடைத்தது.

7:04 லோக்கல். டிக்கெட் பத்து ரூபாய். புனே ஸ்டேஷனுக்கு முன் ஆறு நிலையங்கள். எதிரே உட்கார்ந்திருந்த தொழிற்சாலைக்காரர் என் மனுவை எட்டிப் பார்த்து, சித்தப்பா முறை வைத்து இந்தியில் சொன்னார்:

“பாவூ இப்போ பெரிய ஆளு, காகா. சின்ன வேலைக்கெல்லாம் அகப்பட மாட்டார்.”

“பதினோரு அடி சின்னதா?”

“டில்லியிலிருந்து பார்த்தா தெரியவே தெரியாது.”

அவர் காசர்வாடியில் இறங்கிவிட்டார். நான் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

8:30. ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்து இறங்கினேன். அலுவலக வாசலில் இரண்டு வரிசைகள். இடப்பக்கம் நாற்பத்தொரு பேர், வலப்பக்கம் இருபத்துமூன்று. வலப்பக்கம் நின்றேன். மேசையில் இருந்தவர் பெயர், வயது, முகவரி எழுதிக்கொண்டு பத்து ரூபாய் கேட்டார். முப்பத்துநான்கு வருடம் தாலுகா அலுவலகத்தில் இருந்தவன் நான். கட்டண வில்லை ஒட்டாத மனுவை நாங்களே வாங்கியதில்லை. மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். மராத்தியில் ஒரு ரசீது வந்தது.

10:15. உள்ளே போனதும் பாவூ எழுந்து என் கழுத்தில் ஒரு கட்சித் துண்டைப் போட்டார். கேமரா மின்னியது, கைதட்டினார்கள். நான் மனுவை நீட்டினேன். அவர் விழித்தார். பக்கத்தில் கணினியில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள். ஸ்டெல்லா, கட்கியில் பிறந்து வளர்ந்தவளாம்.

“அங்கிள், இது கட்சியில சேர்ற லைன். நிவேதன், அதான் மனு, குடுக்கறவங்க அந்த சைடு.”

“நான் சேர வரலையேம்மா!”

“சேந்தாச்சே. ஃபோட்டோகூட குரூப்ல போயாச்சு.”

பாவூ மனுவைப் படித்தார். “காகா, நாலா மாநகராட்சி வேலை. நான் இப்போ டில்லி. ரயில், விமானம், நெடுஞ்சாலை, எது வேணும்னாலும் கேளுங்க.”

“சுவர்தான் வேண்டும். இப்போது எங்கள் நகரசேவகர் யார்?”

“யாருமில்லை. நாற்காலி காலி.”

“காலி செய்தது நீங்கள்தானே?”

முதலில் அவர் சிரித்தார்; பிறகு அறை முழுக்கச் சிரித்தது. மனு என் கைக்கே திரும்பியது.

வாசல்வரை வந்த ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள்: “துண்ட கழட்டாதீங்க அங்கிள். அப்படியே வார்டு ஆபீஸ் போய் இன்ஜினியரைப் பாருங்க. பாவூ பேரைச் சொல்லவே வேணாம்.”

திரும்பும் ஆட்டோவில் அதை மூன்று முறை கழற்றினேன், மூன்று முறை போட்டேன். கட்சிக் கரை போட்ட வேட்டிகூட உடுத்தாதவன். ஆனால் ரயில் கட்கியைத் தாண்டியபோது மழை வலுத்துவிட்டது. பிற்பகல் 1:40க்கு ஆகுர்டியில் இறங்கியபோது துண்டு கழுத்தில்தான் இருந்தது.

வார்டு அலுவலகத்தில் என் மகள் ஐந்து முறை நின்று திரும்பியிருக்கிறாள். இன்ஜினியர் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். “சுவர் மழைக்கப்புறம்தான், காகா. இன்னைக்கு மூட்டை அடுக்கிடலாம்” என்றார். 4:30க்கு லாரி வந்தது. மணல் மூட்டைகள் அறுபத்திரண்டு. நான் நின்று எண்ணினேன். 6:20க்கு ஓடை நிரம்பி, மேல் மூட்டைக்கு ஒரு சாண் கீழே நின்றது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

மகள் துண்டை விரித்துப் பார்த்தாள். “அப்பா, இது எந்தக் கட்சின்னாவது தெரியுமா?”

“விசாரிக்கணும்.”

கும்பகோணத்தில் என்றால் யாரிடம் போனால் எது நடக்கும் என்று எனக்கு ஓரளவு பிடிபடும். இங்கே, வார்டில் இருந்தவரை அவர் செய்யாத வேலை, அவர் டில்லிக்குப் போன பிறகு, அவர் முடியாது என்று சொன்ன அன்றே நடந்திருக்கிறது. நன்றி யாருக்குச் சொல்வது என்று தெரியாமல், ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன்.

ரயில், ஆட்டோ, இரண்டு தேநீர், ஒரு வடாபாவ், மனுவின் மூன்று நகல்கள், கட்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து அன்றைய செலவு முந்நூற்றுத் தொண்ணூற்றொரு ரூபாய்.