கழுகுமலையில் அக்கா ஓடியது

என் அக்கா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் என்னோடு ஓட்டம் ஓடினாள். கழுகுமலையில், அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. ஜெயித்தது நான்தான்.

நயா பைசா வந்த புதிது. நான் மூன்றாம் வகுப்பு. அக்காவுக்குச் சின்ன வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது நெஞ்சைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. குடத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் இளைக்கும். கோவில்பட்டி டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "கல்யாணம் வேண்டாம்மா. பிள்ளைப்பேறை இவ உடம்பு தாங்காது" என்று சொன்னபோது அக்காவும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம். எனக்கு அவர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டுதான் கண்ணில் பட்டது. டாக்டர் சொன்னதை அம்மா அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். "நாங்க போன பெறகு இவள யாரு பாப்பா?" என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு.

அம்மாவின் தம்பி, என் மாமா, குளத்தூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். கரிசல்காடு நிறைய உள்ள வீடு. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜிக்கும் காப்பிக்கும் மயங்குகிற ஆள் இல்லை. "பிள்ள நடக்கதப் பாக்கணும். எங்க காடு ஊர்ல இருந்து ரொம்பத் தொலவு" என்று சொல்லிவிட்டாள்.

மாமா யோசித்துக் கழுகுமலையைச் சொன்னார். ஏற்றம் அதிகமில்லாத பாதை. பாறை நெடுகச் சமணச் சிற்பங்கள் இருப்பதால் நின்று நின்று போகலாம், யாருக்கும் சந்தேகம் வராது. பொய் சொல்ல வராது என்பதால் அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. அக்கா என் கையை அழுத்தினால், "இது என்ன சாமி?" என்று நான் சத்தமாகக் கேட்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் இதைச் சொல்லிக்கொடுத்தபோது அக்கா, "எம்மா, அவியகிட்ட உள்ளதச் சொல்லிருவமே. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"வாய மூடிட்டுத் தலையக் காட்டு" என்று அம்மா சிக்கெடுக்க ஆரம்பித்தாள். சிக்கெடுத்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மலையில் எல்லாம் மாமா நினைத்தபடிதான் நடந்தது. அக்கா அழுத்துவாள், நான் கேட்பேன், எல்லோரும் நிற்பார்கள். ஒரே மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த உருவங்களுக்கு மாமா ஆளுக்கொரு பெயரும் கதையும் வைத்தார். அவர் அளந்து முடிப்பதற்குள் அக்காவுக்கு மூச்சு திரும்பிவிடும். "சின்னவ சூட்டிகையான பிள்ள" என்று மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தடவினாள். மாப்பிள்ளை ஒரு சிற்பத்தையும் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு வெட்டுவான் கோயில். மலையை மேலிருந்து குடைந்து, சுற்றிலும் பாறைச் சுவர் நிற்க, நடுவில் பாதியோடு விட்டுப்போன கோயில். அதைத் தாண்டியதும் பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஏறியது. அங்கே அக்கா என் கையை அழுத்தவில்லை. விட்டுவிட்டாள்.

"ஏட்டி, அந்த இடுக்கு வரைக்கும் ஓடுவமா?"

எனக்கு நம்ப முடியவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லோர் கண்ணெதிரேயும் ஓடினாள். நான் அவளை முந்தினேன். பின்னால் "ஐயோ, என் காலு" என்று அம்மாவின் குரல் கேட்டது. இடுக்கில் நின்று திரும்பிப் பார்த்தேன். அம்மா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நான் ஜெயிப்பதை யாரும் பார்க்காதபடி இந்த நேரத்திலா விழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்கா எப்படியோ இடுக்குக்குள் வந்து பாறையில் சாய்ந்து சரிந்தாள். நாவற்பழம் தின்ற மாதிரி உதடு நீலம் பாரித்திருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"அவிய பாத்தாவளாட்டி?"

"இல்லக்கா. எல்லாரும் அம்மாட்ட நிக்காவ. நீ தோத்தத ஒருத்தரும் பாக்கல."

அக்கா அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது அம்மா மாமாவின் தோளைப் பிடித்து நின்றாள். "தாய் விழுந்ததப் பாத்துப் பிள்ளைக்கு மொகமே செத்துப்போச்சு" என்று சொல்லி, மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் தலையில் பூ வைத்தாள். பஸ் ஏறும்வரை அம்மா நொண்டினாள். பஸ் கிளம்பியதும் கால் சரியாகிவிட்டது.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள், எங்கள் வீட்டிலேயே, தலைப்பிரசவத்தில் அக்கா போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. மாப்பிள்ளை வந்து வாசலில் நின்று, "ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லிருக்கலாம்லா அத்த" என்று கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

மாப்பிள்ளையைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவள் அன்றைக்கு மலையில் ஓடி என்னிடம் தோற்றதைச் சொன்னால் கொஞ்சம் சிரிப்பார் என்று நினைத்து எழுந்தேன். ஆனால் அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேனே. சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைக் குத்தும் என்று பயந்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.