ஐந்தாவது விளக்குக் கம்பம்

காலை 6.30. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு பஸ். கட்டணம் நானூற்று எண்பது ரூபாய். தூரம் நூற்று முப்பது கிலோமீட்டர் அளவில். மாசிக் கடைசி. வாகரை தாண்டியும் வெளிகளின்மேல் மூடுபனி படுத்திருந்தது. பனைகள் அடியில்லாமல் மிதந்தன. பக்கத்து இருக்கைப் பெண் அதைப் படமெடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தை முதல் கிழமையில் இப்படியொரு விடியலில்தான் என் மகள் ஆரணி, திருகோணமலைக்குப் பக்கத்து வெள்ளைமணல் ஊரில் வீதியோரம் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் ஸ்கூட்டியோடு மோதினாள். காறை எலும்பு முறிந்தது. ஆறு கிழமை வீட்டில் வைத்துப் பார்த்தேன். போன ஞாயிறு திருகோணமலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய வேலையே மூடுபனிதான். அது எப்போது உருவாகிறது, எப்போது கலைகிறது என்று வானிலைச் செய்மதிப் படங்களில் பார்ப்பது.

விபத்து நடந்த அன்று விடியுமுன் அவளுடைய அறையில் இணையம் இல்லை. "அம்மா, அஞ்சு மணிப் படத்தைப் பாத்துச் சொல்லுங்கோ" என்று அழைத்தாள். என் போனில் 05.00 என்றிருந்த படத்தைத் திறந்தேன். குடாக்கடல் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. "ஒண்டுமில்லை மகள், வெளிக்கிடு" என்றேன். அவள் ஸ்கூட்டியில் புறப்பட்டாள்.

அந்தப் படங்களில் உலகப் பொது நேரம்தான் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். நான் பார்த்தது முதல்நாள் காலை பத்தரை மணி வெயிலை. இருபத்தைந்து வருடமாகக் கணிதம் படிப்பிப்பவள் நான். இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லவும், அவளை வீட்டுக்குக் கூட்டிவரவும்தான் இந்தப் பயணம்.

வெருகல், மூதூர், கிண்ணியா. பகல் பதினொன்றரைக்கு நகரத்தில் இறங்கினேன்.

பின்னேரம் ஆரணி படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். இரவில் பனியும் தரையும் கிட்டத்தட்ட ஒரே சூடு. அதனால் இரண்டு வகை அகச்சிவப்புப் படங்களை ஒப்பிட்டுத்தான் பனியைப் பிரித்தறிகிறார்கள். தம்பலகாமத்து வயல்களில் முதலில் ஒரு வெள்ளைக் கீற்று. அது மெல்லப் பரவி, நீரோரங்களைத் தடவித் தடவி வந்து, குடாவில் படுத்துக்கொள்கிறது. வெயில் வந்ததும் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருங்குகிறது. நடுவில் ஒரு துண்டு மட்டும் எழும்ப மனமில்லாத பிள்ளையைப்போல் கிடக்கிறது. ஊரையே நடுங்கவைத்த ஒன்று அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கையில் சத்தமில்லாமல் உறங்கியது.

"ஆனா முகில் நிலத்தைத் தொடுதோ இல்லையோ எண்டு மேலயிருந்து சொல்ல ஏலாது அம்மா. அதுக்குத்தான் நசார் நானா."

மறுநாள் காலை 5.40. எனக்கும் ஆரணிக்குமாக முச்சக்கரவண்டிக்கு இரண்டாயிரம் ரூபாய். கிண்ணியாப் பாலத்தின் இந்தப் பக்கத்தில் நசார் நானாவின் தேநீர்க் கடை. பாலம் இருந்த இடத்தில் ஒரே வெண்மை. ஒரு விளக்குக் கம்பம் தெரிந்தது. இரண்டாவது, இருக்கிறதென்று நம்பினால் தெரிந்தது. நானா ஒரு கொப்பியில் நேரத்தையும் தெரியும் கம்பங்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாவது கம்பம் தெரியும்வரை அவருடைய வாடிக்கையாளர் ஒருவரும் வண்டியை எடுப்பதில்லை. அது அந்தக் கடையின் வழக்கம்.

மீன் லொறிக்காரர் பால் விடாத பிளேன்டியில் மூன்றாவதை வாங்கினார். "நானா, தேத்தண்ணி விக்கிறதுக்கு நீங்கதான் இந்தப் பனியை உண்டாக்குறீங்க."

"ஓம். செய்மதிக்கும் ஒரு கப் அனுப்பினனான். காசு இன்னும் வரல்ல."

ஆரணி சிரித்தாள். சிரிக்கும்போது இடது தோளை அசைக்காமல் வைத்திருந்தாள். அதைப் பார்த்தபின் என்னால் தாங்க முடியவில்லை. 05.00 படத்தைப் பற்றிச் சொன்னேன். வெண்மையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"தெரியும் அம்மா. ஆஸ்பத்திரியில உங்கட போன்ல அந்தப் படம் திறந்தபடி கிடந்தது."

"ஏன் கேக்கேல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்." கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "வெள்ளைமணல்ல பனி என்ர கண்ணுக்கு முன்னால நிண்டது. அம்மா ஒண்டுமில்லை எண்டவ எண்டு நினைச்சு ஓடினனான். கண்ணை விட்டிட்டு உங்களை நம்பினது என்ர பிழை. அதுக்குப் பிறகுதான், வீட்டில கிடக்கேக்கையே போன் எடுத்து, நானாவிட்ட கம்பம் எண்ணச் சொன்னனான்."

வீட்டுக்கு வா என்ற சொல் வாய்வரை வந்திருந்தது. அதைத் தேநீரோடு விழுங்கினேன்.

மூன்றாவது கம்பம் வந்தது. நீண்ட நேரம் கழித்து நான்காவது. வெண்மைக்குள் எங்கோ ஒரு தோணியின் இயந்திரம் கேட்டது, தோணி தெரியவில்லை. பிறகு, யாரோ மூச்சு விட்டதுபோல், ஐந்தாவது.

"அஞ்சு," என்றார் நானா. 7.10 என்று எழுதினார். லொறி உறுமிக்கொண்டு பாலத்தில் ஏறியது.

மட்டக்களப்பில் எங்கள் வாசலிலிருந்து வாவி தெரியும். இருபது வருடமாக அங்கே குடியிருந்தும், அதன்மேல் பனி எத்தனை மணிக்குக் கலைகிறது என்று நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த மறுநாள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்க்கரையின் மின்கம்பம் தெரிந்ததும் ஆரணிக்குச் செய்தி அனுப்பினேன்: "இங்கே 6.40. உன் படத்தில் 01.10. இரண்டு தரம் கழித்துப் பார்த்தேன்."