பொன்னாடை போர்த்திக் கேட்ட மன்னிப்பு

பிள்ளைகளா, டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டால் நான் டம்ளரைத் தள்ளி வைக்கிறதைப் பார்த்துச் சிரிப்பீங்க. "ஏலக்காய்க்குப் பேர்போன போடிக்காரருக்கு அதுவே ஆகாதாம்!" என்று உங்கம்மாவும் சேர்ந்துகொள்வாள். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்க அப்பாவுக்கும் ஆத்தாவுக்கும் மலையில் எஸ்டேட் வேலை. நான் படிக்கணும் என்று அங்கேயே திருச்சபை நடத்திய விடுதியில் விட்டார்கள். அரசாங்க உதவியும் அதற்கு உண்டு. தப்புச் செய்த பிள்ளையை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் விட்டு வெளியே பூட்டுவார்கள். உள்ளே அடுப்புச் சூடு, மூச்செல்லாம் ஏலக்காய். படுக்கையை நனைத்ததற்காக மூன்று தடவை உள்ளே இருந்தேன். கதவைத் தட்டினால் இன்னும் நேரம் கூடும். அதனால் தட்டாமல் இருக்கப் பழகினேன்.

போன மாசம் அந்த விடுதியிலிருந்து கடிதம் வந்தது. பழைய பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார்களாம். உங்களிடம் எஸ்டேட்டில் சோலி என்று பொய் சொல்லி ஜீப்பு ஏறினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பூட்டி வைத்தோம் என்று அவர்கள் வாயால் சொல்லணும்.

மேடையில் இப்போதைய ஃபாதர், பக்கத்தில் ஒரு அரசாங்க அதிகாரி. "சில கசப்பான அனுபவங்கள்" என்று தாளைப் பார்த்து வாசித்தார்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நம்ம ஊரில் மரியாதை என்றால் வேறு என்ன தெரியும்? ஃபாதருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பாவம், அவர் அப்போது பிறந்தேகூட இருக்கமாட்டார்.

"ஒரு வார்த்தை பேசுங்கண்ணே" என்று மைக்கைக் கொடுத்தார்.

"அந்த ஸ்டோரு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாண்ணே, அதத்தான் இப்ப சாப்பாட்டு ஹாலா மாத்திட்டோம். சாப்பிடாமப் போகக்கூடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். தோளில் பொன்னாடையோடு நின்றுகொண்டு அதற்குமேல் என்ன பேசுவது? "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த ஹாலுக்குள் போகவில்லை.

போடிமெட்டு வளைவில் ஜீப்புக்காரன் கேட்டான்: "என்ன மாமா, பொன்னாடையெல்லாம்? எலெக்சன்ல ஜெயிச்சிட்டீகளா?"

"தோத்துட்டேன் மாப்ளே" என்றேன். அவன் கீழே வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் வெரசாகக் கிளம்பித் தபாலாபீசுக்குப் போனேன். பொன்னாடையை மடித்து ஒரு பெரிய கவருக்குள் வைத்தேன். கூடவே ஒரு தாள். "வெளியிலிருந்து பூட்டினீர்கள். நான் உள்ளே இருந்தேன்." கீழே என் முழுப்பெயரை எழுதினேன். கவரின் வாயில் பசை தடவி, அது காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன்.