மேல்கணக்கில் துளிர்த்த கல்யாண முருங்கை

இலங்கை மலையகத்தில், வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பின்புறம் பட்டை சுருங்கி நின்ற ஒரு கல்யாண முருங்கைக் கிளையும், அதன் அடியில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்த என் தங்கையின் குனிந்த முதுகும் இன்றும் என் நினைவைவிட்டு அகலவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில் அவளுக்குத் திருமணம் நடந்தது. மணப்பந்தலில் நட்ட முருங்கைக் கிளையைப் பிறகு மணமகன் வீட்டருகே ஊன்றுவது எங்கள் வழக்கம். அது துளிர்த்தால், வந்த பெண்ணால் குடும்பம் தழைக்கும் என்பார்கள்.

பூண்டுலோயாவுக்கு மேலே, நாங்கள் பிறந்த தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் அந்த மரம் வளர்ந்ததே இல்லை. ஊன்றிய கிளையை உறைபனி கருக்கிவிடும். எங்கள் திருமணங்களுக்குக் கிளை எப்போதும் கீழேயிருந்துதான் வந்தது. அவள் வாழப்போன இடமோ தாழ்வானது. தேயிலைக்கு நிழலாக அம்மரம் செழித்த இடம். அவ்வாண்டு அங்கே தை, மாசி, பங்குனி மூன்றிலும் ஒரு தூறல் இல்லை. கிளை துளிர்க்கவில்லை.

செய்தி கேட்டு நான் போயிருந்தேன். கல்லூரியில் புவியியல் கற்று, அதையே கற்பித்தவன் என்ற முறையில், மழை பிந்தியதையும் மண் சூடேறியதையும் அவளுடைய மாமியாருக்கு விளக்கினேன். அந்த அம்மாள் வெற்றிலையை மடித்தபடியே சிரித்தார்.

"வாத்தியாரே, எங்க மாமியா காலத்துலயுந்தான் வெயில் அடிச்சிச்சு. அந்தா பாருங்க, நான் வந்தப்ப ஊனுன பந்தக்காலு கூரைக்கு மேல நிக்கிது. ஒங்க தங்கச்சி பந்தக்கால மட்டும் வெயிலு தேடி வந்து சுட்டுச்சாக்கும்?"

லயத்தில் பலர் சிரித்தார்கள். "விடுங்கண்ணே, சித்திரை மழைக்குத் துளிர்த்துரும்" என்றாள் தங்கை.

சித்திரையிலும் துளிர்க்கவில்லை. பிள்ளை உண்டாகாத மாதம் ஒவ்வொன்றும் அந்தக் கிளையோடு சேர்த்தே பேசப்பட்டது. கடைசியில் அவள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். அவள் கணவர் மறுமணம் செய்தார். அந்தத் திருமணத்துக் கிளையும் கருகியதாகக் கேள்விப்பட்டோம். பிள்ளை பிறந்துவிட்டதால் அதை யாரும் பேசவில்லை.

எங்கள் மேல்கணக்கில் தை மாதத்து உறைபனி ஆண்டுக்காண்டு மெலிந்தது; சில ஆண்டுகள் வரவேயில்லை. வேலியோரம் தங்கை ஊன்றிய முருங்கைக் கொம்பொன்று தப்பிப் பிழைத்து, இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் செந்நிறப் பூக்களோடு நின்றது. கீழேயோ பழைய மரங்களும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. வெப்பம் மலையேறுகிறது, மரமும் அதன் பின்னால் ஏறுகிறது என்று வகுப்பில் கற்பித்தேன். வீட்டில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு காலையில் அவளுடைய கணவரின் தம்பி வந்தார். அவருக்குத் திருமணம், கீழே நல்ல கிளை கிடைக்கவில்லை. "அண்ணி, ஒங்க மரத்துல ஒரு கொப்பு..." என்று இழுத்தார்.

அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என் தங்கையின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். "வாங்க தம்பி, இதப் போயி கேட்டுக்கிட்டு!" கத்தியோடு வேலிக்கு நடந்தாள். நேரான கொப்பொன்றைப் பிடித்து வளைத்தாள்.

அவர் தலை குனிந்துகொண்டார். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. புருசனோட வாழுறவங்கதான் வெட்டணும்னு அம்மா சொல்லிவிட்டாங்க."

அவள் பிடியை விட்டாள். கொப்பு நிமிர்ந்து ஆடியது. கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்து, பின்னால் வந்து நின்ற என் மனைவியிடம் நீட்டினாள்.

"அந்தக் கணுவுக்குக் கீழ வெட்டுங்க அண்ணி," என்றாள். "அப்பத்தான் வேர் புடிக்கும்."